ஸமீமாவும் போறணையின் மிச்சச் சூடும்

காஸ் வரிசைக் காலத்தில் தன் பெயரை வெட்டியவளை நாகேந்திரம் நான்கு வருடமாக மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் அவருக்கு இருக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் கொழும்பு முழுவதும் வெறும் சிலிண்டரைத் தெருவில் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்தது. கொட்டாஞ்சேனையில் அவருடைய ஒடுங்கிய ஒழுங்கையில் இருந்தவர்களும் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து, சோக்கால் இலக்கம் எழுதி, கடைவாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள். காலையும் மாலையும் பெயர் கூப்பிடுவார்கள். மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் பெயர் போய்விடும். கூப்பிடுகிற வேலையை ஸமீமாவுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள். அவள் கூப்பிட்டால் சண்டை வருவதில்லை என்று கண்டதும் மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

நாகேந்திரத்தின் இலக்கம் பதினேழு. லொறி வந்த அன்று அவர் பேக்கரியின் போறணை அடுப்புக்குள் பாண் வைத்திருந்தார். உள்ளே போன பாணை விட்டுவிட்டு எந்தப் பேக்கரிக்காரன் ஓடுவான்? எடுத்து முடித்து, வியர்வை வழிய ஓடி வந்தபோது பதினேழின் மேல் கோடு விழுந்திருந்தது.

"ரூல் எல்லாருக்கும் ஒண்டுதான் அண்ணே" என்றாள் ஸமீமா.

அவருடைய மனைவி சுபோதினி அப்போதுதான் வயிற்றில் ஒப்பரேஷன் செய்து வீட்டுக்கு வந்திருந்தாள். அடுத்த லொறி வரும்வரை பதினொரு நாள், பேக்கரியிலிருந்து வாளியில் சுடுதண்ணீர் தூக்கிக்கொண்டு நடந்தார் மனிதர். தளும்பிக் காலில் கொட்டிய இடம் இன்னும் கறுத்துப்போய்த்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு ஸமீமா எதிரே வந்தால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார். இரண்டு பேர் தோள் முட்டாமல் போக முடியாத ஒழுங்கையில் அது லேசான காரியமா?

நாகேந்திரம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழும்புக்கு வந்தவர். முப்பத்தைந்து வருடமாக அதே பேக்கரி, அதே போறணை. போறணை வேலைக்காரரை அயலில் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போதைய முதலாளி அஷ்பாக், பழைய முதலாளியின் மகன். அயலில் எல்லாப் பேக்கரியும் கறண்டுக்கும் காஸுக்கும் மாறிய பிறகும் இங்கே மட்டும் றப்பர் விறகுதான். விடியற்காலையில் போறணைக்குள் விறகை எரித்து, தணலை வெளியே வாரித் தள்ளி, ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்துவிட்டுப் பாணை வைப்பார். ஏழு மணிக்கெல்லாம் பாண் வெளியே வந்துவிடும். பின்னேரப் பாணுக்கு மறுபடி நெருப்புப் போடுவது ஒன்றரை மணிக்கு. இடையில் ஆறரை மணித்தியாலம் அந்தச் செங்கல் கூடு சூட்டை வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். அதைப் பற்றி முப்பத்தைந்து வருடத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை, அவர் உட்பட.

யோசித்தவள் ஸமீமா.

இந்த வருடம் ஒரு நாள் காலை ஏழேகாலுக்கு அவள் பேக்கரியின் பின்கதவில் வந்து நின்றாள்.

"பாஸ் அண்ணே."

அவர் திரும்பவில்லை. தகரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களத்தான். பின்னேரம் நெருப்புப் போடுற வரைக்கும் இந்தப் போறணை சும்மாதானே ஈக்கிது?"

"சும்மா கிடந்தா உமக்கென்ன?"

"உள்ளுக்கு இன்னும் சூடு ஈக்கிதா?"

"கையை விட்டுப் பாருமன்."

ஏச்சாகத்தான் சொன்னார். அவள் முந்தானையைச் சுற்றி இரும்புக் கதவைத் திறந்து, மெய்யாகவே கையை உள்ளே நீட்டினாள். வாய்க்குள் ஏழு வரைக்கும் எண்ணிவிட்டு இழுத்தாள்.

"கடலை வேகும்" என்றாள்.

ஸமீமாவின் பிழைப்பே கடலைதான். புருஷன் ஹுசைன் பின்னேரங்களில் காலிமுகத்திடலில் வண்டி வைத்து, அவித்த கடலையைத் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்து விற்பவன். முன்பு புறக்கோட்டையில் மூட்டை தூக்கி முதுகெலும்பு விலகியதால் வண்டிக்கு வந்தவன். இரவு ஊறவைத்த கடலை இரண்டு மணித்தியாலம் அவிய வேண்டும். மற்ற வீட்டில் ஒரு மாதம் போகிற பெரிய சிலிண்டர் அவள் வீட்டில் ஒன்பது நாளில் முடிந்துவிடும். காஸ் விலை ஏறுகிற நேரமெல்லாம் கடலை விலையையும் ஏற்ற முடியாது. ஏற்றினால் கடற்கரைக்கு வருகிறவன் காற்றைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவான். கறண்ட் அடுப்பு வாங்கிப் பார்த்தாள். முதல் பில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு ஹுசைன், "வண்டிய வித்துப்போட்டு நான் திரும்ப மூட்டைக்குப் போறேன்" என்றான். அந்த முதுகோடு மூட்டைக்குப் போனால் என்ன நடக்கும் என்று வைத்தியர் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள்.

இது ஒன்றையும் அவள் அன்று பின்கதவில் நின்று ஒப்பாரியாகச் சொல்லவில்லை. மட்டக்குளி மீன்காரனின் மகள். ஏலம் கூறுகிற கரையில் வளர்ந்த குரல். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஒரு பானை கடலை. எட்டுக்கு முன்ன வைச்சா பகலாகக்குள்ள எடுத்துருவேன்."

"வேற பேக்கரி பாரும்."

"இந்தப் பக்கம் விறகுப் போறணை இது ஒண்டுதான் ஈக்கிது."

நாகேந்திரம் அப்போதுதான் திரும்பினார். "என்ர பேரை வெட்டினனீர்."

"வெட்டினேன்தான். இண்டைக்கிண்டாலும் வெட்டுவேன்."

"பிறகென்ன முகத்தோட..."

"நில்லுங்க. அக்காக்கு ஒப்பரேஷன் எண்டு எனக்குத் தெரிய வந்ததே ஒரு மாசத்துக்குப் பொறகு. அண்டைக்கு நீங்க ஒரு வார்த்த செல்லல்ல. மொகத்தத் தூக்கிட்டுப் போனீங்க. செல்லியிருந்தா உங்கட பேர வெட்டிட்டு என்ட சிலிண்டரத் தூக்கித் தந்தீப்பேன். எனக்கு ஒம்பதாம் நம்பர், கெடச்சிரிச்சி. உங்களுக்கு வாய் ஈக்கிதானே?"

நான்கு வருடமாக நாகேந்திரம் மனத்துக்குள் அவளோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறார். அந்தச் சண்டைகள் ஒன்றிலும் அவள் இப்படிப் பதில் சொன்னதில்லை.

"முதலாளியைப் போய்க் கேளும்" என்றார்.

"கேட்டுட்டுத்தான் வாறேன். பானைக்கு ஒரு பை தேங்காச் சிரட்டை கொண்டு வந்தா வைக்கட்டாம். விறகும் இப்ப வெலதானே. ஆனா பாஸ் ஓமெண்டா மட்டுமாம்."

அவர் ஓம் என்று சொல்லவில்லை. பாணை உள்ளே தள்ளுகிற நீண்ட கைப்பலகையை அவள் பக்கமாக நீட்டினார். அவள் வாசலில் வைத்திருந்த பானையைத் தூக்கி அதில் வைத்தாள்.

பகல் பன்னிரண்டரைக்கு எடுத்தபோது கடலை விரலுக்குள் மசிந்தது. அடியில் ஒரு மணி கருகவில்லை.

ஒழுங்கையில் ஒரு செய்தி வீட்டுக்கு வீடு போக ஒரு குழாயடி போதும். முதலில் வந்தவர் சரோஜினிதேவி. புதுக்கடைக் கோர்ட்டில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவரின் மனைவி, யாழ்ப்பாணத்துக்காரி, எழுபதை நெருங்கியவர். பென்ஷன் அப்படியே நிற்க காஸ் மட்டும் ஏறுகிறது என்று ஏறுகிற பஸ்ஸிலெல்லாம் ஏசுகிறவர். அவருடைய சாம்பார்ப் பானை உள்ளே போனது. ஒரு மாதத்துக்குள் ஒன்பது வீட்டுப் பானைகள்.

ஸமீமா சட்டம் போட்டாள். ஏழரைக்குள் பானை வரவேண்டும். மூடியைச் சுற்றி மாப் பூசி அடைக்க வேண்டும், ஆவி போகாமல். அந்த மாவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம்: சரோஜினிதேவி மூன்று விரலால் திருநீறு பூசுவதுபோல் இழுப்பார், ஸமீமா வீட்டுப் பூட்டின் திறப்பை அழுத்துவாள், இன்னொரு வீடு சோடா மூடி. அடைக்கிற மா வெறும் மாவாக இருக்க வேண்டும், ஈஸ்ட் போட்ட மா கூடாது. நேரம் பிந்தினால் பானை வீட்டுக்குப் போகும்.

"அஞ்சு நிமிசம் பிந்தினதுக்கே இந்தக் கூத்தோ?" என்று ஒரு நாள் சரோஜினிதேவி வாசலில் நின்று கத்தினார்.

"அஞ்சு நிமிஷம் கதவத் தொறந்து வைச்சா மத்த எட்டுப் பானை பச்சையா வரும் ஆன்ட்டி."

"பெரிய இன்ஸ்பெக்டர்!"

"நாளைக்கி ஏழரைக்கு வாங்க. இன்ஸ்பெக்டர் சல்யூட் அடிப்பா."

நாகேந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. விறகு அடுக்குவதுபோல் குனிந்துகொண்டார். சமாதானம் என்று ஒன்றும் பேசப்படவில்லை. ஆனால் தினமும் பகலில் அவருடைய முக்காலியில் ஒரு சிரட்டையளவு கடலை வைக்கப்பட்டிருக்கும். முதல் வாரம் அதைத் தொடவில்லை. இரண்டாவது வாரம், வீணாகப் போகக் கூடாதே என்று தின்றார்.

அந்த வெள்ளிக்கிழமையில்தான் எல்லாம் கெட்டது.

அன்று ஈஸ்ட் போட்டுப் பொங்க வைக்கிற பணிஸுக்கு ஓடர் அதிகம். அடைப்பதற்கென்று பிசைந்து வைக்கிற வெறும் மாவை நாகேந்திரம் மறந்துவிட்டார். பெண்கள் மூடியோடு வரிசையில் நிற்கிறார்கள். தொட்டியில் பணிஸுக்குப் பிசைந்த மா மிஞ்சிக் கிடந்தது. பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார். ஸமீமா விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இது எந்த மா, அண்ணே?"

"மாதான்."

"ஈஸ்ட் இல்லயே?"

"முப்பத்தைஞ்சு வரிசமா மா பிசையிறன். எனக்குப் படிப்பிக்கிறீரோ?"

அவள் திறப்பை அழுத்திவிட்டுப் போனாள்.

பகலில் கதவைத் திறந்தபோது பத்துப் பானையின் கழுத்திலும் மாப் பொங்கி, பொன்னிறத்தில் பணிஸ் மாலை போட்டதுபோல் நின்றது. அடையாளம் ஒன்றும் இல்லை. திருநீறும் திறப்பும் சோடா மூடியும் எல்லாம் உப்பிப் போய்விட்டன. பானையின் அளவையும் நெளிவையும் வைத்து எட்டைப் பிரித்துவிட்டார். மிஞ்சியது இரண்டு. ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவு அலுமினியப் பானைகள். ஸமீமா அன்று கடலையோடு வீட்டுக் கறிக்கும் ஒரு பானை வைத்திருந்தாள். ஹுசைனின் வண்டி புறப்படுகிற நேரம் என்பதால் ஓடி வந்தாள்.

"என்ட எது?"

"உது" என்று கைப்பலகையால் காட்டினார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அரை மணித்தியாலத்தில் சரோஜினிதேவி பேக்கரியின் முன்வாசலுக்கு வந்தார். பானையைத் துணியால் பிடித்து, உடம்பில் படாமல் கையை நீட்டியபடி.

"வெள்ளிக்கிழமை! விரதக்காரன்ர வீட்டுக்கு மாட்டெலும்பு! வேணுமெண்டு மாத்தினவள்! என்னைப் பிந்தி வந்ததுக்குத் திருப்பி விட்டவள்தானே, அந்தக் கறுவம்!"

பாண் வாங்க வந்தவர்கள் விலகி நின்றார்கள். ஸமீமா தன் கையிலிருந்த சாம்பார்ப் பானையோடு வந்தாள். அதில் பாதிதான் மிச்சம்.

"மாறித்தான் ஈக்கிது ஆன்ட்டி. மன்னிச்சிக்கோங்க" என்றாள். அவ்வளவுதான். ஒருமுறை நாகேந்திரத்தின் முகத்தைப் பார்த்தாள். அவர் மாத்தொட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்ட அதில் ஒன்றும் இருக்கவில்லை.

அஷ்பாக் காசாளர் மேசையிலிருந்து எழுந்து வந்தான். "போதும். நாளையிலருந்து ஒரு பானையும் உள்ள போகக் கூடாது. என்ட கடைக்கு முன்னுக்கு நின்டு அவங்கட சமயம், இவங்கட சமயம் எண்டு சத்தம் போட்டா, நாளைக்கி எவனாச்சும் கல்லோட வருவான். எனக்கு ஏலா."

சனிக்கிழமை நாகேந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. பதினேழாம் இலக்கத்துக்கு இது சரியாகிவிட்டது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். சொல்லி முடித்தாலும் பகலில் முக்காலி வெறுமையாக இருந்தது. சுபோதினி, "என்னப்பா, சோறு இறங்கேல்லையோ?" என்றாள். "உப்பில்லை" என்று அவள் மேல் பாய்ந்தார்.

திங்கட்கிழமை பகல் அவர் ஸமீமாவின் வீட்டைக் கடந்து போகவேண்டி வந்தது. வாசலில் கடலைப் பானை. பாதி அவியலில் சிலிண்டர் தீர்ந்திருந்தது. ஸமீமா படியில் இருந்து ஒரு கடலையைப் பல்லுக்கிடையில் கடித்துப் பார்த்தாள். 'டக்' என்ற சத்தம் தெருவுக்குக் கேட்டது. ஹுசைன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். அறிமுகமில்லாத ஒரு மனிதன் குந்தியிருந்து வண்டியின் சக்கரச் சில்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்க வந்தவன்.

"வாங்க பாஸ் அண்ணே" என்றான் ஹுசைன், சிரிக்க முயன்றபடி. "அந்த வெள்ளிக்கெழம சாம்பார் நல்லம். உப்பு மட்டும் கொஞ்சம் கொறவு. இவருக்கு ஒரு வார்த்த செல்லுங்க, வண்டிச் சில்லு நல்லந்தானே? நீங்க தெனம் பாக்குறதானே?"

நாகேந்திரம் சில்லைப் பார்த்தார். புதுச் சில்லு மாதிரி இருந்தது.

"சரியில்லை" என்றார். "அச்சும் வளைஞ்சு கிடக்கு. கோல்பேஸ் கடற்கரைக்குப் போய்ச் சேராது. சும்மா தந்தாலும் நான் எடுக்கமாட்டன்."

வாங்க வந்தவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். ஹுசைன் திறந்த வாயை மூடவில்லை. ஸமீமாவின் வாயில் பாதிக் கடலை அப்படியே நின்றது.

நாகேந்திரம் அவர்களுக்கு விளக்கம் சொல்ல நிற்கவில்லை. நேரே போய்ச் சரோஜினிதேவியின் கதவைத் தட்டினார்.

"அக்கா, பானையை மாத்தினது நான்."

"என்ன?"

"பணிஸ் மாவைத் தந்திட்டன். ஈஸ்ட் பொங்கி அடையாளம் போச்சு. ஆரின்ர பானை எதெண்டு தெரியாமத் தந்தனான். அவள் மாவைப் பற்றிக் கேட்டவள். நான் பாய்ஞ்சு விழுந்தனான்."

சரோஜினிதேவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். "முப்பத்தைஞ்சு வரிசம் பேக்கரி. மாட்டெலும்பும் சாம்பாரும் உமக்கு ஒரே மணமோ?"

"மா அடைச்சிருந்ததக்கா."

"அண்டைக்கு ஏன் வாயைத் திறக்கேல்லை?"

உள்ளேயிருந்து கிளார்க் ஐயா இருமுகிற சத்தம் கேட்டது. சரோஜினிதேவி குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. விரதக்காரன் பானையைத் திறந்த உடனே என்ன சொன்னவர் தெரியுமோ? 'என்ன சரோ, இண்டைக்குச் சாம்பார் திறமாய் மணக்குது' எண்டார். நாப்பத்தாறு வரிசத்தில என்ர சமையலுக்கு அந்தாள் சொன்ன முதல் நல்ல வார்த்தை!"

நாகேந்திரம் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தார்.

"என்ர சாம்பாருக்கு அவையள் என்ன சொன்னவை?"

அன்று அவர் பொய் சொல்கிற ஒதுக்கீட்டை வண்டிச் சில்லில் முடித்துவிட்டார். "உப்புக் கொஞ்சம் காணாதாம்."

"என்ன! என்ர சாம்பாருக்கோ!"

சரோஜினிதேவி செருப்பைப் போட்டார். ஒழுங்கையில் முன்னால் அவர், பின்னால் நாகேந்திரம். ஸமீமாவின் வாசலில் நின்று, "கண்டறியாத உப்பு! பிறஷர்காரனுக்கு அளந்துதான் போடுறது! எழும்பு, வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். மூன்று பேருமாகப் பேக்கரிக்குள் போனதும் அஷ்பாக் கதிரையை விட்டு எழுந்துவிட்டான்.

"தம்பி, பிழை உம்மட மாவில. பானையில இல்லை" என்றார் சரோஜினிதேவி. "சத்தம் போட்டவள் நான். நானே வந்து சொல்றன். போறணையைத் திறவும்."

"திரும்ப மாறினா ஆன்ட்டி?"

ஸமீமா அதற்கு ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். "வெள்ளிக்கெழமைக்கு எல்லாப் பானையும் மரக்கறி மட்டும். யார்ட யாருக்குப் போனாலும் ஒரு பாவமும் இல்ல. மத்த நாளைக்கு எறச்சி, மீன் பானை எல்லாம் இடப் பக்கம், மரக்கறி வலப் பக்கம். அடைக்கிற மா காலைல எங்கட கண்ணுக்கு முன்னுக்குப் பெசையணும். பாஸ் அண்ணனேதான் பெசையணும்."

அஷ்பாக் நாகேந்திரத்தைப் பார்த்தான். நாகேந்திரம், "பிசையிறன்" என்றார்.

வெளியே வரும்போது அவர் ஸமீமாவிடம் கேட்டார். "நான்தான் அந்த மாவைத் தந்தனெண்டு தெரிஞ்சும் ஏன் நீர் சொல்லேல்லை?"

"உங்கட பெழைய நான் செல்லி, உங்கட வேலைக்கு ஒண்டு நடந்தா? அக்காட மருந்துக்கு நானா காசு தாறது?" என்றாள். பிறகு, "வண்டில அச்சு வளைஞ்சா ஈக்கிது? பாவம், மனிசன் பயந்து போய் வண்டியக் கவுத்துப் போட்டுப் பாக்குறார்" என்று சொல்லிவிட்டு, மட்டக்குளிக் கரை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தாள்.

இப்போது பதினாறு பானை போகிறது. பாண் விலையைத் தவிர அஷ்பாக்குக்குக் கவலை இல்லை. விறகில் கால்பங்கு சிரட்டையாகவே வந்துவிடுகிறது. ஸமீமாவின் வீட்டில் பெரிய சிலிண்டர் ஒரு மாதத்தைத் தாண்டி ஓடுகிறது. ஹுசைன் வண்டியில் கடலைக்குப் பக்கத்தில் அவித்த கௌபிப் பயறும் வைக்கிறான். மிஞ்சுகிற காசில் அவர்களுடைய மகள் நப்லா டியூஷன் வகுப்புக்குப் போகிறாள். காஸ் இறங்கியதா என்றால் இல்லை. கறண்ட் பில்லும் மாதம் தவறாமல் வருகிறது. அதையெல்லாம் ஏசுவதற்கு ஒழுங்கையில் ஆள் குறைவில்லை.

போன வியாழக்கிழமை பானை எடுத்து முடிந்த பிறகு ஸமீமா போகாமல் நின்றாள். மட்டக்குளியில், அவளுடைய தாய்வீட்டுத் தொடர்மாடிக்குக் கீழே, ஒரு பழைய விறகுப் பேக்கரி இருக்கிறதாம். அங்கேயும் காலைக்குப் பிறகு போறணை சும்மா கிடக்கிறதாம். மேலே நாற்பது வீடு. அங்குள்ள பெண்கள் போய்க் கேட்டதற்கு அந்தப் பேக்கரியின் பாஸ் ஏசித் துரத்திவிட்டாராம்.

"ஞாயித்துக்கெழம என்னோட வாங்க அண்ணே. நீங்க கதைச்சாத்தான் அந்தாளுக்கு வெளங்கும்."

"எனக்குக் கதைக்கத் தெரியாது."

"அந்தாளும் உங்கள மாதிரித்தான். நல்லா ஒத்து வரும்."

நாகேந்திரம் கைப்பலகையைச் சுவரில் சாய்த்தார். "எத்தினை மணிக்கு?"

"பத்துக்கு பஸ் ஸ்டான்டுல நில்லுங்க." இரண்டடி போனவள் திரும்பினாள். முகத்தை ஒருமுறை அளந்து பார்த்தாள். "அங்க போய் முதல் வார்த்த கதைக்கக்குள்ள மட்டும், அண்ணே, கொஞ்சம் சிரிச்சிட்டுக் கதைங்க."